கறுப்பு வெள்ளையில் ஒரு சிவப்புக் கிணறு

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்குத் திருப்பூர் பேருந்து நிலையத்தில் இறங்கினேன். கோவையிலிருந்து ஐம்பது கிலோமீட்டர். முழுத் தூரமும் நின்றபடிதான் வந்தேன். தொண்ணூறுகளின் முற்பகுதி அது. பனியன் ஏற்றுமதி கொடிகட்டிப் பறந்த நேரம். அதைப் படமெடுத்து ஒரு நாளிதழுக்குக் கொடுப்பதாக ஒப்புக்கொண்டிருந்தேன். நான் எந்தப் பத்திரிகையிலும் மாதச் சம்பளக்காரி இல்லை. படம் அச்சானால் காசு. அச்சாகாவிட்டால் பிலிம் செலவும் என் தலையில்தான்.

ஆட்டோக்காரர் எந்தக் கம்பெனிக்கு என்று கேட்டார். கம்பெனிக்கு இல்லை, நான் போட்டோ எடுக்கிறவள் என்றேன். அப்படியானால் எந்தக் கம்பெனி போட்டோகிராபர் என்றார். விடமாட்டார் போலிருந்தது. என் பிழைப்பை விளக்கினேன்.

"அட, பீஸ் ரேட்டுங்களா? எங்க ஊட்டுக்காரியும் பீஸ் ரேட்டுலதானுங்க தைக்கறா."

என் அம்மாவுக்கு இன்றுவரை விளங்காத வேலை இவருக்கு ஒரு நிமிடத்தில் விளங்கிவிட்டது. சந்தோஷமாகவே இருந்தது. கம்பெனிகளை எல்லோரும்தான் எடுக்கிறார்கள், முதலில் என் மாமன் கிணற்றை வந்து பாருங்கள் என்றார். கிழக்கே பன்னிரண்டு கிலோமீட்டர், போக வர அறுபது ரூபாய். கிணற்றில் என்ன பார்க்க இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேதான் ஏறினேன்.

வழிநெடுக நொய்யல் ஆறு கூடவே வந்தது. தண்ணீரில் சோப்பு நுரை மாதிரி நுரை. ஊரின் பெயரை எழுத வேண்டாம் என்று பிறகு கேட்டுக்கொண்டார்கள், எழுதவில்லை.

மாமனின் பெயர் ராமசாமி. நாற்பத்தைந்து வயது மதிக்கலாம். நான்கு ஏக்கர் தென்னை. பாதி மரங்களுக்குத் தலை இல்லை. அவர் கிணற்றில் வாளியை விட்டு இழுத்து என் காலடியில் வைத்தார். சிவப்பு. செம்மண் கலங்கிய சிவப்பு இல்லை, குங்குமத்தைக் கரைத்த சிவப்பு. என்னையறியாமல் இரண்டடி பின்னால் போனேன். குடிக்க வைத்திருந்த தண்ணீர் பாட்டிலைப் பையிலிருந்து வெளியே எடுக்கவே கூச்சமாக இருந்தது.

மேலே சாயப்பட்டறைகள் ஆற்றில் விடும் கழிவு மண்ணுக்குள் இறங்கி இங்கே ஊறுகிறது என்றார். போன மாதம் ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு கோவையில் ஓர் அதிகாரியிடம் மனு கொடுக்கப் போயிருக்கிறார்.

"பாட்டல்ல சாயத்தக் கலக்கிக் கொண்டாந்தியான்னு கேட்டுப்போட்டாருங்க. திங்கக்கெழம மறுக்கா போறனுங்க. பேப்பர்ல வந்தா நம்புவாங்கல்லங்க, அம்மிணி?"

இந்த முறையும் நம்பாவிட்டால் நிலத்தை விற்றுவிட்டு ஏதாவது கம்பெனியில் வாட்ச்மேனாகப் போக வேண்டியதுதான் என்றார் அவர் மனைவி சரஸ்வதி. நிலத்துக்கு விலை கேட்டு ஆள் வந்து போயாகிவிட்டதாம்.

அப்போதுதான் என் கேமராவுக்குள் இருந்த பிலிம் நினைவுக்கு வந்தது. அந்த நாளிதழ் அச்சடித்தது கறுப்பு வெள்ளையில். அதில் இந்தக் கிணறு எந்த ஊர்க் கிணற்றைப் போலவும் நல்ல தண்ணீராகத் தெரியும். பிறகு ஒரு வெள்ளைத் துணி வேண்டுமென்றேன். கல்யாணம் காட்சிக்குக் கட்டும் வேட்டியைச் சரஸ்வதி யோசிக்காமல் எடுத்து வந்தார். அதில் பாதியை வாளியில் முக்கி எடுத்து, கிணற்றடியில் விரித்துப் பிடிக்கச் சொன்னேன். லென்சில் பச்சை பில்டரை மாட்டினேன். அதை மாட்டினால் சிவப்பு நன்றாகக் கறுத்து விழும். பாதி வெள்ளை, பாதி கறுப்பு, நடுவில் ராமசாமியின் முகம். இதைவிட என்ன ஆதாரம் வேண்டும் என்று எனக்கு ஒரே பெருமை.

சாயங்காலமே பிலிம் சுருளோடு விவரச் சீட்டையும் ரப்பர் பேண்டில் கட்டி, கோவைப் பேருந்து நடத்துனர் கையில் பத்து ரூபாயோடு கொடுத்தனுப்பினேன். அங்கே அலுவலக ஆள் வந்து வாங்கிக்கொள்வார். வழக்கம் அதுதான். அடுத்த இரண்டு நாளும் தையல் மெஷின்களையும் அட்டைப்பெட்டிகளையும் படமெடுத்துத் திரிந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை டீக்கடையில் பத்திரிகையை விரித்தேன். ஏற்றுமதி பற்றிய பக்கத்தில் நடுநாயகமாக என் படம். கீழே இப்படி இருந்தது: "விவசாயத்தோடு கூடுதல் வருமானம். திருப்பூர் அருகே தன் கிணற்றடியில் வேட்டிக்குச் சாயமேற்றும் விவசாயி."

எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினேன். போனை எடுத்த உதவி ஆசிரியர் அமைதியாகப் பேசினார்.

"சீட்டு எதுவும் வரலை மேடம். ஆனா படத்தைப் பார்த்தாலே தெரிஞ்சுதே."

செவ்வாய்க்கிழமை திருத்தம் போடலாம் என்றார். மனு திங்கட்கிழமை என்று கத்தினேன். ஞாயிறன்று ஒன்றும் செய்ய முடியாது என்றார்.

ராமசாமியின் ஊருக்குப் போனபோது அவர்களுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. ராமசாமி முதலில் சாப்பிட்டீர்களா என்றுதான் கேட்டார். என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"உங்களக் குத்தஞ் சொல்லலீங்க" என்றார் சரஸ்வதி. "அந்த ஆபீசரு சொன்னத இப்ப பேப்பரே சொல்லிருச்சுங்களே."

மறுநாள் நானும் கூட வருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

திங்கள் காலை ஏழு மணிக்குக் கோவைப் பேருந்தில் ஏறினோம். நல்லவேளை, உட்கார இடம் கிடைத்தது. திருப்பூரின் பனியன் விளம்பரங்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. சோமனூர்ப் பிரிவு தாண்டியதும் ராமசாமி மடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துக் கொடுத்தார். பத்திரிகையில் வந்த படம். அடியிலிருந்த எழுத்தைச் சரஸ்வதி கத்தரியால் நேராக வெட்டி எடுத்திருந்தார்.

"இப்ப வெறும் படந்தானுங்களே. இதக் காட்டுனா ஆகுமுங்களா, அம்மிணி?"

நான் எடுத்த படம் என்பதை மறந்துவிட்டு, அந்த அதிகாரி பார்ப்பதுபோல் பார்த்தேன். கிணற்றடி, வாளி, கையில் பாதி கறுத்த வேட்டியுடன் ஒருவர். எழுத்து ஒன்றுமே இல்லாமலும் அவர் சாயம்தான் போட்டுக்கொண்டிருந்தார்.

படத்தை மடித்து என் பைக்குள் வைத்தேன். இதைக் காட்ட வேண்டாம் அண்ணா, பார்த்ததை நானே வாயால் சொல்கிறேன் என்றேன்.