திருச்சுழி சாலையில் ஒரு குடம் தண்ணீர்

அருப்புக்கோட்டையைத் தாண்டி, திருச்சுழி போகும் வழியில் என் பழைய ஜீப் கொதித்து நின்றுவிடுகிறது. பன்னிரண்டு வருடமாகப் பார்த்துப் பார்த்து வைத்திருக்கும் வண்டி. டீசல் என்ஜினுக்கு மாற்றியதும் நான்தான்.

ரோட்டோரக் குழாயடியில் நீண்ட வரிசை. குடம் நிரப்பித் திரும்பும் ஒரு பெண்ணிடம் ரேடியேட்டருக்குத் தண்ணீர் கேட்கிறேன்.

"காலையில இருந்து நின்னு பிடிச்சது. மனுசருக்கே இல்ல, வண்டிக்குக் கேக்குறீகளே!"

"திருச்சுழி வரைக்கும் போனாப் போதும்மா."

தயங்கியவர், "சரி, ஊத்திக்கிருங்க" என்று இடுப்புக் குடத்தை இறக்கித் தருகிறார்.

முழுக்க ஊற்றுகிறேன். அடியில் ரப்பர்க் குழாய் கிழிந்து, அத்தனையும் புழுதியில் இறங்குகிறது. அதில் வெடிப்பு விட்டிருந்தது எனக்கு முன்பே தெரியும். போன மாதம் வண்டிக்குப் பெயிண்ட் அடிக்கும் ஆசையில் அதை மாற்றாமல் விட்டேன்.

அவர் வெறுங்குடத்தோடு வரிசையின் கடைசியில் போய் நிற்கிறார்.