விளக்குக் கம்பத்தில் ஒரு எம்.பி.

படபட... படபட...

போன வாரம் ஒரு நாள், விடிவதற்கு முன்பே இந்தச் சத்தம் என்னை எழுப்பிவிட்டது. பள்ளிக்கூடத்துக் கொடி ஞாபகம் வந்தது. காற்றில் அது அடித்துக்கொள்ளும். வரிசையில் எனக்கு முன்னால் நிற்கும் கலைச்செல்வி கையைத் தூக்குவாள். "சார், தண்ணிக் குழாய் ஒழுகுது சார்!" தேசபக்தி அப்புறம்... குழாய்தான் முதலில்.

எட்டிப் பார்த்தால் கொடி இல்லை, ஃப்ளெக்ஸ் பேனர். அதில் அதே கலைச்செல்வி! பட்டுப்புடவை, கூப்பிய கை. கீழே கொட்டை எழுத்தில்: 'வருங்கால லண்டன் எம்.பி. அவர்களே, வருக!'

அவள் இருப்பது லண்டனே இல்லை. ஊர்ப் பெயரைச் சொன்னால் லண்டன்காரர்களுக்கே தெரியாது. கல்யாணமாகி இங்கிலாந்து போனவள், அந்தச் சின்ன ஊரில் கவுன்சிலர் ஆகிவிட்டாள். தன் தம்பி பாபுவின் மகள் கல்யாணத்துக்காக ஆரணி வந்திருக்கிறாள்.

வந்த அன்றைக்கே, அங்கே என்னதான் வேலை என்று கேட்டிருந்தேன்.

"சனிக்கெழம லைப்ரரில உக்காருவேன். யார் வேணா வரலாம். குப்பை வண்டி வரல, நடைபாதை பேந்துபோச்சு, பக்கத்து வீட்டு மரம் ஜன்னல மறைக்குது... அவ்ளோதான்."

அவ்வளவுதானாம்! ஆஸ்பத்திரிக்குப் போகும் சாயங்கால பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். வயதானவர்கள் தவிக்கிறார்கள். அதைத் திரும்ப ஓடவைக்க வருஷக்கணக்காக மல்லுக்கட்டுகிறாள்.

இந்த நேரம் பார்த்துக் கட்சி கூப்பிட்டிருக்கிறது — பார்லிமென்டுக்கு நில்லுங்கள் என்று. இங்கிலாந்து திரும்பியதும் பதில் சொல்ல வேண்டும். சரி என்றால் வார்டை விட வேண்டும். அப்புறம் அந்த பஸ்ஸுக்காக யார் பேசுவது? அவள் சோறு இறங்காமல் யோசித்துக்கொண்டிருக்க, பாபு பேனரே அடித்துவிட்டான். நம் ஊரில் எல்லா முடிவையும் முதலில் எடுப்பது ஃப்ளெக்ஸ் கடைதானே?

கீழே தெருவில் ஒரே கூச்சல்.

எங்கள் தெருவில் விடியுமுன் பாவு நீட்டுவார்கள். பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, அறுந்தவற்றை முடிச்சுப் போட வேண்டும், வெயில் ஏறுவதற்குள். அன்றைக்கு இழையே தெரியவில்லை. பேனரைக் கட்டியிருந்தது விளக்குக் கம்பத்தில்! லைட் எரிகிறது... கலைச்செல்வியின் முகத்துக்குப் பின்னால்.

நெசவாளி வள்ளியம்மா கத்தினாள். "டேய் பாபு! உங்கக்கா மூஞ்சி நல்லாத்தான் ஜொலிக்குது. எங்களுக்கு இழ தெரிய வேணாமா?"

"கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கக்கா. எம்.பி. ஆவப் போறாங்க."

"ஆவட்டும். மொதல்ல வெளிச்சத்த வுடச் சொல்லு!"

அதற்குள் கலைச்செல்வியே தெருவுக்கு வந்துவிட்டாள். நைட்டி மேல் துண்டு, வாராத தலை. அண்ணாந்து தன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எங்க வார்டுல எவனாச்சும் இப்டி கட்னா, நான்தான்டா போன் போட்டுக் கழட்டச் சொல்லுவேன்" என்றாள். "ஏணி எங்க? ஜல்தி எடுத்துகினு வா."

பாபுவின் முகம் தொங்கிப்போனது. "ஊரெல்லாம் சொல்லிகினு திரிஞ்சேன்க்கா. பேஜாரா பூடும்."

பேனர் இறங்கியது. வெளிச்சம் தெரு முழுக்க வழிந்தது. இழைகள் படுத்துக்கொண்ட மழைபோல மினுங்கின. அவளும் முடிச்சுப் போட உட்கார்ந்தாள். தப்பாகப் போட்டு வள்ளியம்மாவிடம் நன்றாகத் திட்டு வாங்கினாள். சிரித்தாள். கவுன்சிலருக்குத் திட்டு புதிதா என்ன?

மேலே மேலே போவதைத்தான் நாம் வளர்ச்சி என்கிறோம். ஒரு பஸ்ஸுக்காக அதே நாற்காலியில் உட்கார்ந்திருப்பதற்கு... இன்னும் ஒரு பெயர்கூட வைக்கவில்லையே, ஏன்?

கல்யாணம் முடிந்தது. ஏர்போர்ட்டுக்குக் கார் புறப்படும்போது பாபு ஜன்னலைப் பிடித்துக்கொண்டான்.

"கடைசியா இன்னாக்கா முடிவு? அடுத்தவாட்டி பேனர்ல இன்னான்னு போடறது?"

"கவுன்சிலர்னு போடு. லைட்டு கம்பத்துல மட்டும் கட்டாத."