கட்டைவிரல் பக்கம் வாசல்

தற்காப்புக் கலை சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிற நான், ஒரு சனிக்கிழமை மதியம், முப்பது பெண்கள் பார்த்துக்கொண்டிருக்க, என்னுடைய சொந்த மணிக்கட்டைத் திரும்பப் பெற முடியாமல் நின்றேன். பிடித்திருந்தவர் காப்பிப் பழம் பறிப்பவர். ஏறக்குறைய என் வயது. பிடிக்கச் சொன்னதும் நான்தான்.

ஏற்காட்டில் கராத்தே பள்ளி நடத்துவது வயிற்றுப்பாட்டுக்கு உகந்ததல்ல என்று பதினொரு வருடங்களாகச் சந்தேகித்து வருகிறேன். பேக்கரிக்கு மேலே மாடி. வாசலில் தொங்கும் பிளெக்ஸ் பலகையில் அந்தரத்தில் பறந்து உதைக்கிறவரின் தலை மட்டும்தான் என்னுடையது. என்னை வைத்து வகுப்பு நடத்திய விடுதிப் பள்ளி ஒன்று அந்த வருடம் கராத்தேயை விட்டுவிட்டு நீச்சலுக்கு மாறியது. மிஞ்சியது நான்கு மாணவர்கள். அதில் இருவர் மழை பெய்தால் வரமாட்டார்கள். சேலத்தில் மைத்துனரின் ஜெராக்ஸ் கடையில் எனக்கென்று ஒரு ஸ்டூல் துடைத்து வைக்கப்பட்டிருந்தது.

அப்போதுதான் மஞ்சக்குட்டைப் பக்கத்து எஸ்டேட் ஒன்றில், வேலை செய்யும் பெண்களுக்கு வாரா வாரம் தற்காப்பு வகுப்பு வைக்கலாமா என்று யோசித்தார்கள். முதலில் ஒரு நாள் செய்து காட்டச் சொன்னார்கள். மேனேஜர் வரவில்லை. பார்த்துவிட்டு வந்து சொல்லும்படி, ஆட்களுக்குப் பேர் போடுகிற ரைட்டரை அனுப்பியிருந்தார். நான் மலையில் இருப்பதா ஸ்டூலில் உட்காருவதா என்பது அவர் வாயில் இருந்தது.

சாப்பாட்டு நேரத்தில், காப்பி காயவைக்கும் சிமென்ட் களத்தில் வெள்ளை உடையோடு நின்று பேசினேன். எந்தப் பிடியிலும் கட்டைவிரல் பக்கம்தான் வாசல். அந்தப் பக்கம் திருப்பி இழுத்தால் கை தானாக வெளியே வந்துவிடும் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"கெட்டியாப் புடிங்கக்கா. நானே விடச் சொன்னாலும் விடக் கூடாது. திருடன் சொன்னா விடுவீங்களா?"

"உட மாட்டேனுங்க," என்றார் அவர். இடது கையால் பிடித்தார்.

பழம் பறிப்பவர்களின் இடது கைக்கு நாள் முழுக்க ஒரே வேலை: திமிரும் கிளையை வளைத்துப் பிடித்து, விடாமல் இருப்பது. இது எனக்கு அன்றுதான் தெரிய வந்தது. கட்டைவிரல் பக்கம் திருப்பினேன். வாசல் இருந்தது, சாத்தியிருந்தது.

"இப்ப மெதுவாச் செஞ்சு காட்டறேன்," என்றேன். மெதுவாகவும் வரவில்லை.

"அக்கா, உட்டுறாத! பர்சைத் தூக்கிட்டு ஓடிருவாரு!" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"எங்கடி ஓடறது? நிக்கறதுக்கே மூச்சு வாங்குது," என்றது இன்னொன்று.

எதிராளியின் பலத்தையே நமக்குச் சாதகமாக்கிக்கொள்ள வேண்டும் என்று பல புத்தகங்களில் படித்திருக்கிறேன். எதிராளியிடம் பலம் ஏராளமாக இருந்தது. அதில் எனக்கு ஒரு பங்கு எப்படிக் கிடைக்கும் என்பதுதான் தெரியவில்லை.

குரலைத் தாழ்த்திக்கொண்டு, "போதுங்கக்கா, விட்ருங்க," என்றேன்.

"ஏனுங்க, நீங்கதானுங்களே உடக் கூடாதுன்னீங்க?"

"அது பாடத்துக்குச் சொன்னதுங்க."

"இதுவும் பாடத்துக்குச் சொல்றதா இருந்துச்சுன்னா?"

பதினொரு வருடத்தில் என் பாடத்தை இவ்வளவு கவனமாக யாரும் கேட்டதில்லை. களத்தின் ஓரத்தில் ரைட்டர் நோட்டைத் திறந்து ஏதோ எழுதினார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்து, விசிலை எடுத்து ஊதினார். வேலைக்கான விசில். அந்த அக்கா உடனே கையை விட்டார். இடுப்பில் சாக்கை இறுக்கிக்கொண்டு காப்பிச் செடிகளுக்குள் போய்விட்டார். நான் விடுபட்ட முறைக்கு எங்கள் கலையில் பெயர் இல்லை.

ஜீப்பில் திரும்பும்போது மைத்துனருக்குப் போன் போட்டு, அந்த ஸ்டூல் எவ்வளவு உயரம் என்று விசாரித்தேன்.

திங்கட்கிழமை ரைட்டர் பேக்கரிக்கு வந்தார். என்னைப் பார்த்ததும், "மேனேஜர் சரின்னுட்டாருங்க. சனிக்கிழமை தவறாம வந்துருங்க," என்றார்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. "பாடம் புடிச்சிருந்துதுங்களா?" என்று கேட்டேன்.

"பாடமுங்களா?" பன்னை டீயில் நனைத்தபடி யோசித்தார். "அதப் பத்தி யாரும் ஒண்ணும் சொல்லலீங்க. உங்களத்தான் நொம்பப் புடிச்சுப் போச்சுங்களாம். அடுத்த வாரம் யாரு புடிக்கறதுன்னு இப்பவே சண்டைங்க."