ஈத்தோ, ஈத்தா

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் அத்தை வேலை பார்த்தாள். அப்பாவுக்கு ஒரே தங்கை. கல்யாணமாகாதவள், புதுவாயலில் எங்களோடுதான் இருந்தாள். புது மெஷினில் பயிற்சி எடுக்க அவளை ஸ்பெயினுக்கு அனுப்பப்போவதாகக் கம்பெனியில் சொன்னதும், போனைப் பார்த்து ஸ்பானிஷ் படிக்கத் தொடங்கினாள். கூடப் படிக்க ஆள் வேண்டுமே, நான் மாட்டினேன்.

எனக்குப் பிடித்த பாடம் ஒன்றே ஒன்றுதான். அங்கே எதையும் சின்னதாக, செல்லமாகச் சொல்ல, வார்த்தையின் வாலை வெட்டிவிட்டு ஆணுக்கு 'ஈத்தோ', பெண்ணுக்கு 'ஈத்தா' ஒட்டினால் போதும். பூனை 'காத்தோ', குட்டிப் பூனை 'காத்தீத்தோ'. வீடு 'காஸா', குட்டி வீடு 'காஸீத்தா'. 'ன்' என்று முடிந்தால் நடுவில் ஒரு 'ஸ்' வரும். விமானம் 'அவியோன்', குட்டி விமானம் 'அவியோன்ஸீத்தோ'. நான் குழம்பு மீனையும் விடவில்லை. "மீன்ஸீத்தோ போடு" என்று தட்டை நீட்டுவேன். அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

அப்பாவுக்கு இந்தப் பயணம் அறவே பிடிக்கவில்லை. எங்கள் வீட்டில் கோபம் வந்தால் நேருக்கு நேர் பேச்சு கிடையாது, தூது போக நான்தான். "ஒண்டியா அவ்ளோ தூரம் போய் இன்னா பண்ணப் போறாளாம்? கேளு அந்தக் கய்தைய" என்பார், எதிரில் உட்கார்ந்திருப்பவளைப் பார்க்காமலே. நான் உடனே, "கய்தீத்தா, இன்னா பண்ணப் போறே?" என்று கேட்பேன். அத்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். அந்தச் சிரிப்பைக் கேட்க இப்போதும் ஏங்குகிறது மனசு.

அம்மாவிடம் மட்டும் புலம்புவாள். "எங்கண்ணன் வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லாம நான் எப்பிடி அண்ணி பிளேன் ஏறுவேன்?"

போகிற நாளும் வந்தது. வண்டி பேசி வைத்தவர் அப்பாதான். ஆனால் முன்சீட்டில் ஏறியவர் மீனம்பாக்கம் வரை வாய் திறக்கவில்லை. ஏர்போர்ட் வாசலிலும், "வேளைக்குத் துன்னச் சொல்லு... குளுருக்கு சொட்டர் எட்துக்கினாளான்னு கேளு" என்று என்னிடமே சொல்லிக்கொண்டிருந்தார். அத்தை பெட்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே திரும்பும்போதுதான், என்னை விலக்கிவிட்டு அவள் எதிரில் போய் நின்றார்.

"பத்திரமா போய்ட்டு வா, தங்கச்சீத்தா."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. யாரும் சொல்லித் தராமலே, பிசகில்லாமல் சொல்லிவிட்டாரே! அத்தையோ அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். சரியாகத்தானே சொன்னார், பிறகு ஏன் அழுகிறாள்? எங்கே தப்பு என்று அந்த வார்த்தையை மனசுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டு நின்றேன்.