எரிக்காத விறகு

முத்தியால்பேட்டையில் செந்தமிழ்ச்செல்வியை ஒரு விஷயத்தில் நம்பவைப்பது கல்லில் நார் உரிக்கிற வேலை. பால் வந்தால் ஒரு சொட்டை நகத்தில் விட்டு ஓடுகிறதா என்று பார்ப்பாள். கேஸ் சிலிண்டரை ஆட்டிப் பார்க்காமல் உள்ளே விடமாட்டாள். தெருவே கேலி செய்யும். செய்யட்டுமே! மில்லை நவீனமாக்கப் போகிறோம் என்று சிரித்த முகத்தோடு வந்தவர்கள் நீட்டிய தாளில் அங்கே வேலை பார்த்த அவள் புருஷன் கன்னியப்பன் கையெழுத்துப் போட்டான். நவீனமான மில்லையும் காணோம், வேலையையும் காணோம். இப்போது பக்கத்து மேட்டுப்பாளையத்தில் ஒரு பெயிண்ட் கம்பெனிக்கு வாட்ச்மேன். அன்றிலிருந்து யார் சிரித்துக்கொண்டு வந்தாலும் செல்வி கதவைப் பாதி சாத்திக்கொண்டுதான் பேசுவாள்.

அப்படிப்பட்டவள் வீட்டுக்குள் 'பசுங்கனல்' கம்பெனியின் கரண்ட் அடுப்பு எப்படி நுழைந்தது? தூக்கிக்கொண்டு வந்தது அவள் பெற்ற மகள். சிந்துஜா பி.காம். முடித்துவிட்டு அந்தக் கம்பெனியில் வீடு வீடாக அடுப்புக் கொடுக்கும் தற்காலிக வேலையில் இருந்தாள். வேறு யாராவது கொண்டு வந்திருந்தால் வாசலோடு திரும்பியிருப்பார்கள்.

"சும்மாவா குடுக்கறான்?" என்றாள் செல்வி.

"சும்மாதாம்மா."

"அவனுக்கு என்னாடி லாபம்?"

"நீ கொல்லையில வெந்நீருக்கு வெறகு எரிக்கற இல்ல? இது இருந்தா எரிக்கமாட்ட. அப்ப அந்தப் பொக வராது. வராத பொகைய எங்க கம்பெனி வித்துக்கும்."

"வராத பொகைய எந்தக் கிறுக்கன்டி வாங்குவான்?"

"வெளிநாட்டு ஃபாக்டரிக்காரங்க வாங்குவாங்க. அவங்க விடற பொகைக்கு இத ஈடு காட்டிப்பாங்க."

"அப்ப அவன் பொகைய நிறுத்தமாட்டானா?"

"ஒனக்கு எல்லாத்துலயும் சந்தேகந்தான். பூமிக்கு நல்லதுன்னா கூடவா?" என்று சிந்துஜா கோபித்துக்கொண்டாள். பூமிக்கு நல்லது என்பதில் செல்விக்கு ஆட்சேபணை இல்லை. நல்லது செய்கிறவன் எதற்கு அடுப்புக்குள் ஒரு சிம் கார்டை வைத்து, எப்போது எரிகிறது எப்போது அணைகிறது என்று ஒட்டுக் கேட்கிறான் என்பதுதான் அவளுக்குப் பிடிபடவில்லை. போதாததற்கு அவள் பாத்திரமெல்லாம் அடி உருண்டவை. அந்த அடுப்பில் வைத்தால் ஆடின, சூடாகவில்லை. பழையபடி சமையலுக்கு கேஸ், வெந்நீருக்குத் தச்சுப் பட்டறையில் கிடைக்கும் மரத்துண்டு. புது அடுப்பு ஒரு மூலையில் கிடந்தது.

அந்தச் சமயத்தில்தான் கன்னியப்பனுக்குக் குடலிறக்க ஆபரேஷன். கதிர்காமம் ஆஸ்பத்திரியில் புருஷனுக்குத் துணையாகச் செல்வி தங்கிவிட்டாள். சிந்துஜா ஓட்டலில் சாப்பிட்டுக்கொள்வதாகச் சொன்னாள். ஒரு நாள் காலை செல்வியின் போனில் 'பசுங்கனல்' கம்பெனியிலிருந்து செய்தி வந்தது: "வாழ்த்துகள்! இந்த வாரம் நீங்கள் நிறையச் சமைத்திருக்கிறீர்கள். பூமி உங்களுக்கு நன்றி சொல்கிறது."

செல்விக்குத் தூக்கிவாரிப் போட்டது. நானே ஆஸ்பத்திரி ரொட்டியைத் தின்றுகொண்டு உட்கார்ந்திருக்கிறேன், என் வீட்டில் எவன் சமைக்கிறான்? பக்கத்துக் கட்டில்காரியிடம் புருஷனைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு பஸ் ஏறினாள். வழியெல்லாம் திருடன், பூட்டு, பீரோ என்று மனசு அலைந்தது.

கதவு சும்மா சாத்தியிருந்தது. உள்ளே சிந்துஜா போனை நோண்டிக்கொண்டிருந்தாள். புது அடுப்பில் தட்டையான ஒரு புது வாணலி. அதில் வெறும் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. அரிசி இல்லை, பருப்பு இல்லை, ஒரு டீத்தூள் கூட இல்லை.

"என்னாடி பண்ற?"

சிந்துஜா எழுந்து நின்றாள். மழுப்பிப் பார்த்தாள், முடியவில்லை. "அடுப்பு எரியலன்னா எனக்குப் புள்ளி கொறையும்மா. புள்ளி இருந்தாதான் வேலைய நிரந்தரம் பண்ணுவாங்க. எல்லாரும் இப்படித்தான் பண்றாங்க. நான் மட்டுமா?"

"பொக வரக்கூடாதுன்னு குடுத்த அடுப்புல, கரண்ட்ட எரிச்சு வெறுந்தண்ணிய ஆவியாக்கறியா? இதுக்கு நான் வெறகே எரிச்சிட்டுப் போறேனே!"

ஊரே தன் காதில் பூச்சுற்ற வருகிறது என்று எத்தனை உஷாராக இருந்தாள் செல்வி! பூவைத் தொடுத்துக்கொண்டிருந்தது இவள் பெற்ற பெண். ஒயரைப் பிடுங்கி, அடுப்பைத் தூக்கிப் பரண்மேல் போட்டாள். அன்றிலிருந்து மகள் எதைச் சொன்னாலும் அவள் முகத்தையே பார்த்தாள். அப்படிப் பார்ப்பது தனக்கே பிடிக்காமல் பார்த்தாள்.

கன்னியப்பன் வீடு திரும்பி வேலைக்கும் போக ஆரம்பித்த பிறகு, ஒரு நாள் சிந்துஜா அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "நாளைக்கு எங்க கம்பெனி ஆடிட்டர் அடுப்ப சோதிக்க நம்ம வீட்டுக்கு வர்றாரு. தெனம் இதுலதான் சமைக்கறேன்னு ஒரு வார்த்தை சொல்லும்மா. சொன்னா வேலை நிரந்தரம். இல்லன்னா நான் வெளிய." கையைப் பிடித்துக்கொண்டாள். கன்னியப்பனுக்கு மூடிய மில் கேட் செல்வியின் கண்ணுக்குள் வந்தது. மகளுக்கும் அதே கதியா? "பாப்போம்டி," என்று எழுந்து கொல்லைப் பக்கம் போனாள்.

கம்பெனியின் ஆடிட்டர் கோபிநாத் சிரித்த முகத்தோடுதான் வந்தார். அடுப்பைக் கேட்டார். செல்வி பரணிலிருந்து இறக்கினாள். ஒட்டடை தொங்கியது. சிந்துஜாவின் முகத்தில் ரத்தமே இல்லை. அப்பாடா, இனி நான் பொய் சொல்லவும் வேண்டாம், அடுப்பே சொல்லிவிடும் என்று நினைத்தாள் செல்வி.

கோபிநாத் தன் கர்ச்சீப்பை எடுத்தார். ஒட்டடையைத் துடைத்தார். அடுப்பை மேடையில் வைத்து, பக்கத்திலிருந்த ஒரு குண்டானைத் தூக்கி அதன்மேல் வைத்தார். குண்டான் ஆடியது. ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறுகையால் போட்டோ எடுத்தார்.

செல்விக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. மகள், வேலை, எல்லாம் மறந்துபோயிற்று.

"தம்பி, நான் இதுல ஒரு நாள் கூட சமைக்கல. இதோ கொல்லையில வெறகு இப்பவும் எரியுது, வந்து பாருங்க. மெசேஜ் அனுப்புனீங்களே, அது எம்பொண்ணு காய்ச்சுன வெறுந்தண்ணி."

கோபிநாத் அவளைப் பார்த்தார். கோபமே இல்லை. "அது எங்க கேள்வி லிஸ்ட்ல வரலம்மா," என்று சொல்லி, டேப்லெட்டில் எதையோ தட்டிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகு சிந்துஜா அம்மாவோடு பேசவில்லை. சோறு போட்டால் சாப்பிட்டாள், அவ்வளவுதான். மாசக் கடைசியில் வேலை நிரந்தரமான உத்தரவோடும் ஜிலேபியோடும் வந்து நின்றாள்.

"நீ காட்டிக்குடுத்தும் கெடச்சிடுச்சு பாத்தியா?"

செல்வி ஜிலேபியைக் கையில் வாங்கினாள், வாயில் வைக்கவில்லை. ஆயுசு முழுக்கப் பொய்க்குத்தான் பயந்திருக்கிறாள். உண்மையும் எடுபடாது என்கிற இந்தப் பயம் அவளுக்குப் புதுசு.

"அப்ப நான் சொன்னத அந்த ஆளு எழுதிக்கவே இல்லியாடி?"

"எழுதிக்கிட்டாரும்மா," என்றாள் சிந்துஜா. "வீட்டம்மாவுக்கு ரொம்பத் திருப்தின்னு."