பாட்சா கடையின் கதவில்லாத பெட்டி

சித்திகாவுக்கு வாய் நீளம் என்று மேற்குத் தாம்பரத்தில் அவளைத் தெரிந்தவர்கள் எல்லோரும் சொல்வார்கள். அவளும் மறுக்கமாட்டாள். கல்யாணமான சூட்டோடு புருஷன் பாட்சா சவூதியில் தம்மாமுக்கு விமானம் ஏறிவிட்டார். தையல் மிஷினை மிதித்து மிதித்துத்தான் ஒரே மகள் அஃப்ஷானை வளர்த்தாள், கூடுவாஞ்சேரியில் கட்டியும் கொடுத்தாள். லீவுக்கு வரும் புருஷனுக்குப் பெட்டியைத் திறக்கவும் மூடவும்தான் நேரம் இருந்தது. குடித்தனம் நடத்த நேரம் இருந்ததில்லை.

இரண்டாயிரத்து ஐந்தில் பாட்சா ஒரேயடியாகத் திரும்பி வந்தார். நெஞ்சு கெட்டுப்போய் வந்தார். சிகரெட்டும் பாலைவனப் புழுதியும் சேர்ந்து நுரையீரலைத் தின்றிருந்தன. பத்தடி நடந்தால் உட்கார வேண்டும். முகத்துக்கு நேரே ஃபேன் ஓடினால் மட்டும் மூச்சு கொஞ்சம் சுலபமாக வரும். ஏன் என்று டாக்டரும் ஏதோ சொன்னார். சித்திகாவுக்குப் புரிந்தது இவ்வளவுதான்: இந்த மனுஷனுக்கு மாத்திரை பாதி, காற்று பாதி.

பாட்சா தம்மாமில் பெரிய கடைகளுக்குச் சரக்கு வண்டி ஓட்டியவர். இறக்கிப் போட்டுவிட்டு நிற்கும்போதெல்லாம் ஒன்றையே பார்த்துக்கொண்டு நிற்பாராம். கதவே இல்லாத குளிர்பெட்டி. முன்பக்கம் முழுக்கத் திறந்து கிடக்கும், உள்ளே பாலும் தயிரும் ஜில்லென்று இருக்கும்.

"அத்த மாதிரி ஒண்ணு நம்ம கடைல வெக்கணும் சித்திகா. கதவு இருந்தா ஜனம் யோசிக்கும். தொறந்து கீதுன்னு வெச்சுக்கோ, கை தானா உள்ள போவும்."

"கதவில்லாத பிரிட்ஜா? அப்ப வூட்டுக்கும் கதவ கழட்டிப் போட்டுடுங்க. திருடனுக்கும் கை தானா உள்ள போவும்."

சிரித்தார். சிரித்ததில் இருமல் வந்தது. அதற்கு மேல் அவளுக்கு மறுக்க மனசு வரவில்லை. முடிச்சூர் ரோட்டில் ஒரு கடை பிடித்தார்கள். குறுகலான கடை, ரயில் பெட்டி மாதிரி. கடைக்குப் பின்னால் சந்தில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட ஒரு வீடும் வாடகைக்குக் கிடைத்தது. இடதுபக்கச் சுவரோடு அந்தப் பெட்டி, எதிரே கல்லா, கல்லாவில் பாட்சா, அவர் முகத்துக்கு நேரே ஒரு டேபிள் ஃபேன்.

கடை திறந்த முதல் ஆறு மாதமும் பாட்சா ராஜாவாக இருந்தார். வெளிநாட்டில் ஊமையாக வண்டி ஓட்டியவர், இங்கே வருகிறவர் போகிறவரையெல்லாம் பேர் சொல்லிக் கூப்பிட்டார். காலேஜில் கிளார்க்காக இருந்து ரிடையரான சத்தியநாதன் சார் பேப்பரைக் கையிலேயே எடுத்துக்கொண்டு வருவார், ஒரு பால் பாக்கெட்டை வாங்கி ஒரு மணி நேரம் அரசியல் பேசுவார். பக்கத்து வீட்டு அங்காளம்மா கூடைமீன் விற்று முடித்து வெயிலில் வந்தால், பெட்டி முன்னால் முந்தானையை விரித்து நின்றுகொள்வாள்.

"பாயி, சரக்கு வேணாம். இந்தக் குளுரு கிலோ இன்னா வெல?"

"உனுக்கு ஃப்ரீ. உன் மீன் நாத்தத்த மட்டும் வெளிய வுட்டுட்டு வா."

"என் நாத்தம் போனா உன் கடய எவன் கண்டுபுடிப்பான்?"

சித்திகா மாவு அரைத்துப் பாக்கெட் போட்டு அடுக்குவாள். அடுக்குவது என்றால் சாதாரண அடுக்கு இல்லை. கடை என்றால் நிறைந்து வழிய வேண்டும், காலி இடம் தெரிந்தால் பரக்கத், அதாவது கடையின் செழிப்பு, போய்விடும் என்பது அவள் கொள்கை. தட்டின் விளிம்பைத் தாண்டி ஒரு சாண் வெளியே நிற்கும் அவள் பால் பாக்கெட். குளிர்காலத்தில் அதெல்லாம் செல்லுபடியானது.

ஏப்ரல் வந்தது. மாவு மத்தியானத்துக்குள் பொங்கியது, தயிர் புளித்தது. பெட்டியில் சிவப்பாக எரியும் டிகிரி எண் நாலிலிருந்து எட்டுக்குப் போனது, எட்டிலிருந்து பன்னிரண்டுக்கு. சித்திகா பெட்டிக்குக் கீழே குனிந்து பார்த்தாள். முன்பக்க அடி விளிம்பில் நீளமாக ஒரு ஜல்லடை. அங்கேதான் குளிர் வந்து காலில் விழுந்தது. ஆஹா, இதுதான் ஓட்டை, குளிரெல்லாம் இப்படித்தான் தெருவுக்குப் போகிறது என்று முடிவுகட்டினாள். பாட்சாவின் பழைய லுங்கி இரண்டைக் கிழித்துச் சுருட்டி, அந்த ஜல்லடையைக் கெட்டியாக அடைத்துவிட்டாள். மறுநாள் எண் பதினாறு. உள்ளே எங்கேயோ ஐஸ் கட்டிக்கொண்டு, தண்ணீர் தரையெல்லாம் ஓடியது.

குரோம்பேட்டையிலிருந்து மெக்கானிக் ஜெயவேலு வந்தான். குனிந்தான், லுங்கியை உருவினான், தூக்கிப் பிடித்துப் பார்த்தான்.

"யக்கா, பொட்டி மூக்குல துணிய அட்ச்சு வெச்சிக்கீறியே. இன்னா பாவம் பண்ணிச்சு அது?"

"குளுரு வெளிய போச்சு, அடைச்சேன். நீ வந்து பாக்கறதுக்குள்ள பாலு பன்னீரா பூடும்."

"வெளிய போவல. உள்ள போவுது. மேல இந்த வாயில குளுரு காத்த வுடும், முன்னால தெர மாதிரி கீழ எறங்கும், இந்த ஜல்லடைல உள்ள போயி மறுபடியும் மேல வரும். அந்தக் காத்துத் தெரதான்க்கா இதுக்குக் கதவு. நீ பாக்கெட்ட வெளிய நீட்டி வெச்சா தெர கிழியும். இதான் கோடு, இதத் தாண்டி அடுக்காத."

ஐஸை உருக்கிவிட்டு, பாக்கெட்டுகளைக் கோட்டுக்கு உள்ளே தள்ளிவிட்டுப் போனான். எண் எட்டுக்கு இறங்கியது. அதற்குக் கீழே இறங்கவே இல்லை. அந்த வாரமே சத்தியநாதன் சார் பேப்பர் இல்லாமல் வந்தார். கையில் திரிந்த பால் இருந்தது.

"ஏம்மா, பேத்திக்கு வாங்கினது. நான் குடிச்சிருந்தா பரவாயில்ல. சொல்லவே கூச்சமா இருக்கு பாய். மருமக இனிமே மார்க்கெட் கடைல வாங்கிக்கலாங்கறா."

பாட்சா எழுந்து நின்று மன்னிப்பு கேட்டார். சார் போன பிறகு வெகுநேரம் பெட்டியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வெள்ளிக்கிழமை காலை கடைகளுக்குச் சாம்பிராணி போட அக்தர் பாய் வருவார். கையில் தணல் சட்டி, இன்னொரு கையில் மயிலிறகு. அன்றைக்கு ஜெயவேலுவும் மறுபடி வந்து பெட்டியின் தலைப்பக்கத்தைக் கழற்றிக்கொண்டிருந்தான். அக்தர் பாய் துஆ ஓதிக்கொண்டே சட்டியைப் பெட்டிக்கு நேராகக் காட்டினார். உள்பக்க மூலையில் புகை வெள்ளைத் துணி போல வழுக்கி இறங்கி, அடி ஜல்லடைக்குள் சாதுவாகப் போனது. அவர் நடந்து கல்லாவுக்கு நேரே வந்தார். அங்கே புகை இறங்கவில்லை. அடித்துத் தள்ளியது போல உள்ளே பாய்ந்து, மாவுப் பாக்கெட்டுகளுக்கு நடுவே சுழன்று, குளிரையும் சேர்த்து வாரிக்கொண்டு தெருவுக்கு ஓடியது.

ஜெயவேலு திரும்பி ஃபேனைப் பார்த்தான். சித்திகாவும் பார்த்தாள். ஃபேன் காற்று பாட்சாவின் முகத்தில் பட்டு, அவருக்குப் பின்னால் இருந்த சுவரில் மோதி, திரும்பி நேராகப் பெட்டியின் மேல் விழுந்துகொண்டிருந்தது.

பாட்சாவே கையை நீட்டி ஃபேனை அணைத்தார். புகை ஒரு நொடி தடுமாறிவிட்டு, அங்கேயும் திரையாக இறங்கியது.

"பாத்தியா, எவ்ளோ அழகா எறங்குது" என்றார். நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது. கழுத்து நரம்பு ஒவ்வொரு மூச்சுக்கும் கயிறு மாதிரி இழுத்தது.

சித்திகா ஃபேனைப் போட்டாள். அவர் அணைத்தார். அவள் போட்டாள்.

"மாவு புளிச்சா புளிக்கட்டும். நீங்க ஒண்ணும் வீரன் வேசம் கட்ட வேணாம்."

"அக்தர் பாய் நிக்கிறாரு மே. சண்டைய அப்பால வெச்சிக்கலாம்."

அதற்கப்புறம் எல்லாம் செய்து பார்த்தார்கள். ஃபேனை முதுகுப்பக்கம் வைத்தார்கள். முதுகுக்கு மூச்சு வாங்கத் தெரியவில்லை. நாற்காலியை வெளியே போட்டார்கள், பஸ் புகையில் இருமி இருமிக் கண் பிதுங்கியது. கடையை அடைத்து ஏசி போடலாமா என்று கேட்டதற்கு, பெட்டியோடு ஏசியும் சேர்ந்தால் இந்தக் கரண்ட் லைன் தாங்காது என்றான் ஜெயவேலு. பெட்டி முன்னால் பிளாஸ்டிக் பட்டைகளைத் தொங்கவிட்டான். ஃபேன் அடித்ததும் அவை படபடவென்று கல்யாணப் பந்தல் தோரணம் மாதிரி பறந்தன, ஈரப் பட்டை கையில் ஒட்டுகிறது என்று பெண்கள் முகம் சுளித்தார்கள். வேறு சுவருக்குப் பெட்டியை நகர்த்த வேறு சுவரே இல்லை.

ஒரு காலை பாட்சா படுக்கையிலிருந்து எழுந்திருக்கவில்லை.

"நான் வூட்லயே கீறேன். கடைல ஒரே சத்தம். எனுக்கு இங்கதான் சொகமா கீது."

"சத்தமா? நேத்து வரைக்கும் அந்தச் சத்தத்த போட்டதே நீங்கதான்."

"அலுத்துப் போச்சு. ஃபேன மட்டும் இங்க கொண்டாந்து குட்த்துடு."

அவர் பொய் சொல்கிறார் என்று அவளுக்குத் தெரியும். அவள் தெரிந்துகொண்டாள் என்று அவருக்கும் தெரியும். இரண்டு பேரும் பேசாமல் இருந்துவிட்டார்கள். அதுதான் அவள் செய்த தப்பு என்று பின்னால் பல நாள் தன்னையே திட்டிக்கொண்டாள்.

பெட்டி நாலு டிகிரியில் நின்றது. ஆடாமல் அசையாமல் நின்றது. மாவு மறுநாள் வரை இனித்தது, சத்தியநாதன் சார் மருமகளே நேரில் வந்து வாங்கினாள். சித்திகா காலையில் சோறாக்கி மூடி வைத்துவிட்டுக் கடைக்குப் போவாள். மத்தியானம் அங்காளம்மா அவருக்குத் தட்டில் போட்டுக் கொடுத்துவிட்டு வருவாள். இரவு அவள் திரும்பினால் பாட்சா விழித்துக்கொண்டிருப்பார். சாப்பிட்டாயா என்று கேட்கமாட்டார்.

"எத்தினி காட்டுது?"

"நாலு."

"கோட்ட தாண்டி அடுக்கலியே? சத்தியநாதன் இன்னா சொன்னாரு?"

"உங்க சீட்டு காலியா கீதுன்னாரு."

"அதுல ஒரு பிஸ்கெட் டின்ன வை. காலியா தெரியாது."

அப்படிக் கேட்டதும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெட்டியை வந்த விலைக்குத் தள்ளிவிடப் போகிறேன், நாளையிலிருந்து சோப்பும் ஊதுவத்தியும் விற்றுக்கொள்ளலாம், நீங்கள் கல்லாவில் வந்து உட்காருங்கள் என்று கத்தினாள். பாட்சா சுவரைப் பிடித்து எழுந்தே விட்டார்.

"அத்த வித்தேன்னா நான் இந்த வாசப்படிய தாண்டமாட்டேன். இத்தினி வருசம் வெளிய கெடந்து நான் கொண்டாந்தது அது ஒண்ணுதான் மே. உங்கூட இருந்து குப்ப கொட்டக்கூட முடியல. அதாவது நிக்கட்டும்."

அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. மழை வந்து போனது, பனி வந்து போனது. கடைக்கு நடந்து வரும் தெம்பு அவருக்கு அதற்குள் போய்விட்டிருந்தது. மறுபடி மார்ச் மாதம், மத்தியானம் லுஹர் பாங்கு சொல்லி முடித்த நேரம், அங்காளம்மா கூடைகூட இல்லாமல் கடைக்கு ஓடிவந்தாள். சித்திகாவின் கையிலிருந்த தயிர் பாக்கெட்டை வாங்கி, கோட்டுக்குள்ளே சரியாக வைத்துவிட்டு, "வா" என்றாள்.

அடக்கம் முடிந்ததும் பாட்சாவின் அக்கா சொல்லிவிட்டாள். இத்தா இருக்க வேண்டும், புருஷனை இழந்தவள் நாலு மாதம் பத்து நாள் வாசல் தாண்டக்கூடாது. கடையில் பாலையும் மாவையும் பார்க்க வேறு ஆள் கிடையாது. அஃப்ஷான் கைக்குழந்தைக்காரி. ஜெயவேலு வாசலில் வந்து நின்றான்.

"யக்கா, பொட்டிய இன்னா பண்றது?"

வாசல் திரைக்கு இந்தப் பக்கம் இருந்தே சித்திகா சொன்னாள். "இருக்கற பாலு தயிர தெருவுக்குக் குட்த்துடு. ஆஃப் பண்ணிடு."

"பாயி ஆசயா வெச்சது..."

"அவருதான் இல்லியே. யாருக்கு நாலு காட்டணும்? ஆஃப் பண்ணு."

அந்த வீட்டில் குடிவந்த நாளிலிருந்து அவள் ஒரு பகல்கூட அங்கே உட்கார்ந்ததில்லை. இத்தாவில்தான் முதல்முறையாக உட்கார்ந்தாள். பதினோரு மணிக்கெல்லாம் ஷீட் காய ஆரம்பித்தது. பன்னிரண்டுக்கு மேல் தலைக்கு மேலே தோசைக்கல்லைக் கவிழ்த்தது மாதிரி இருந்தது. ஃபேனைப் போட்டாள். அடுப்பை ஊதின மாதிரி அனல் முகத்தில் அடித்தது. அணைத்தாள். அணைத்தால் அதைவிட மோசம். பெட்டி பக்கத்திலேயே நின்று போன கோடை முழுவதையும் கழித்தவள் அவள். மே மாதம் பூராவும் இவர் இங்கே கிடந்தார்.

மத்தியானம் அங்காளம்மா சோறு கொண்டுவந்தாள்.

"இவ்ளோ சூடு கீதே, ஏங்கா எங்கிட்ட சொல்லல?"

அங்காளம்மா தட்டைக் கீழே வைத்தாள். "சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிகினாரு மே. அவளுக்குத் தெரிஞ்சா பொட்டிய நிறுத்திட்டு என்ன கடைக்கு இட்னு பூடுவான்னாரு. நான் இன்னா பண்ணட்டும்?"

"எப்பிடித்தான் இருந்தாரு?"

அங்காளம்மா எழுந்து போய்ப் பின்பக்கக் குளியலறை வாசலைக் காட்டினாள். "வெயிலு ஏறினா இங்க வந்து குந்திக்குவாரு. ஒரு சொம்பு தண்ணிய ஊத்திவுடுவேன். ஈரத்துண்ட நெஞ்சுல போட்டுக்குவாரு. கடைல கூட்டமா, கூட்டமான்னு கேட்டுகினே இருப்பாரு. நானும் சும்மானாச்சியும் எக்கச்சக்க கூட்டம்னு சொல்லுவேன்."

அவள் போன பிறகு சித்திகா சோற்றைத் தொடவில்லை. ஒரு சொம்புத் தண்ணீரைக் குளியலறை வாசலில் ஊற்றினாள். புடவையோடு அந்த ஈரத்தில், சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம்தான் அந்தக் குளிர் இருந்தது. பிறகு சிமெண்ட் அதைக் குடித்துவிட்டது. மறுபடி ஒரு சொம்பு ஊற்ற அவளுக்கு எழுந்து போக முடிந்தது. அவருக்கு முடிந்திருக்காது.