நெட்டையின் ஆறாவது இடம்

சைக்கிள் பந்தய அணியில் அவனை நெட்டை என்றுதான் கூப்பிட்டார்கள். ஆறடி நான்கு அங்குலம். மலையேற்றத்தில் அந்த உடம்பு அவனுக்கே பாரம். சமவெளியில் மற்றவர்களுக்குச் சுவர். பதினோரு வருடமாக, குள்ளமான அணித்தலைவனுக்கு முன்னால் போய் எதிர்க்காற்றைத் தடுப்பதுதான் அவன் வேலை. "என் புருஷன் காத்து வாங்கியே சம்பாதிக்கிறார்" என்று மனைவி கேலி செய்வாள்.

"அண்ணே, குனியாதீங்க. நீங்க குனிஞ்சா காத்தெல்லாம் என் மூஞ்சியில அடிக்குது" என்பான் தலைவன். நெட்டையும் நிமிர்ந்தே ஓட்டுவான். மலை வந்ததும் தலைவன் சிட்டாகப் பறந்துவிடுவான். இவன் நாக்குத் தள்ளக் கடைசி ஆட்களோடு வந்து சேருவான்.

பல நாள் நடக்கும் ஒரு பந்தயத்தில், ஒருநாள் காய்ச்சலால் தலைவன் பாதி வழியில் விலகினான். அன்றைய மிச்சப் பாதை முழுக்கச் சமவெளி.

"இன்னைக்கு உன் இஷ்டம்ப்பா," என்று பின்னால் வந்த காருக்குள்ளிருந்து கத்தினார் பயிற்சியாளர்.

நெட்டை நன்றாகக் குனிந்து மிதித்து எல்லோரையும் முந்தினான். ஆனால் பழக்கமில்லாத இடுப்பு அரை மணி நேரம்கூடத் தாங்கவில்லை. வலியில் நிமிர்ந்தபோது ஐந்து பேர் அவனைத் தாண்டிப் போனார்கள்.

அறைக்கு வந்ததும் மனைவி போனில் கேட்டாள்: "ஆறாவதா வந்துட்டீங்களே! சந்தோஷம்தானே?"

"தெரியலம்மா. இடுப்பு விண்ணுவிண்ணுன்னு தெறிக்குது. நாளைக்கு மலை வேற."

கட்டிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த கால்களை மடக்கக்கூடத் தெம்பில்லாமல் அப்படியே தூங்கிப்போனான்.